தம்பி என்று எழுதிய இடம்

வட்டம் 19, நெய்வேலி
14 ஜூன் 2025

அன்பு மகள் சரிதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இருக்கிறோம். சௌக்கியமா என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். நீ அந்த சைப்ரஸ் தீவில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு குழியில் இறங்குகிறாயா என்பதை உன் பதிலில் சொல்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ பேசினால் நான் அழுகிறேன், நான் பேசினால் உனக்கு வகுப்புக்கு நேரமாகிவிடுகிறது. காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிறவரை நீ குறுக்கே வர முடியாது. எழுதி முடித்ததும் பக்கத்து குவார்ட்டர்ஸ் உமாராணியிடம் கொடுத்தால் அவள் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். படிக்காமல் அனுப்புவாள். அந்த நாகரிகம் கோயமுத்தூர்க்காரர்களுக்கு உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் தொல்லியல் கள ஆய்வுப் பள்ளியில் தோண்டிய குழியில் ஒரு தாழி கிடைத்தது என்றாய். அதற்குள் ஒரு குழந்தையின் எலும்பு, மூவாயிரம் வருடத்துப் பழசு என்றாய். உனக்குக் கை லேசு என்று புரொபசர் உன்னிடம்தான் பிரஷ்ஷைக் கொடுத்தார் என்றாய். மண்டை ஓடு உடையாமல் வந்ததும் சுற்றி நின்ற எல்லோரும் கை தட்டினார்கள், சாயங்காலம் கேக் வெட்டினோம் என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனாய். பாதியில் லைன் கட்டாகிவிட்டது. ‘டவர் போயிடுச்சாம்மா’ என்று மெசேஜ் போட்டிருந்தாய். டவர் எங்கேயும் போகவில்லை. நான்தான் வைத்தேன்.

அதற்கு முந்தின நாள் நான் நம் கொல்லைக்குப் போய் வந்திருந்தேன். அதை உன்னிடம் சொல்லத்தான் போனை எடுத்தேன், நீ முந்திக்கொண்டாய்.

ஜூலை பத்தாம் தேதி முந்திரிக் கொல்லையைச் சுரங்கத்துக்கு ஒப்படைக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு இரண்டு வருடம் ஆயிற்று. வந்த பணம் உன் படிப்புக்குப் போனது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நிலம் போவதற்காக நான் யாரையும் நோகவில்லை. உன் தாத்தா அந்தக் காலத்தில் கொடுத்த நிலத்துக்குத்தான் அப்பாவுக்கு மைன்ஸில் பெர்மனன்ட் வேலை கிடைத்தது. அந்த வேலையில்தான் நாம் எல்லோரும் சாப்பிட்டோம். நான் போனது நிலத்தைப் பார்க்க இல்லை, அவனைப் பார்க்க.

உனக்குத் தெரிந்த கதைதான். மறந்துபோயிருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டதால் திரும்பச் சொல்கிறேன். உனக்கு எட்டு வயது, அறிவழகனுக்கு நாலு. மார்கழி மாதம் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் போய்விட்டான். பால் பல் விழாத பிள்ளையை நம்மில் எரிப்பதில்லை. அதனால் நம் கொல்லையிலேயே ஒரு மூலையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். நாய் நரி கிளறாமல் இருக்க அப்பா பூவரசங்கழி நாலு வெட்டி நாலு பக்கமும் அடித்து முள் கட்டினார். தலைமாட்டில் இருந்த கழி மட்டும் துளிர்த்துவிட்டது. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை, அதுவாக வளர்ந்து மரமாயிற்று. வருடா வருடம் அவன் நாளன்று நான் அதன் அடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். போன மார்கழியில் ஊற்றியபோது அடியில் மஞ்சள் பூ உதிர்ந்து கிடந்தது.

இப்போது போனால் மரம் இல்லை. ஒரு முந்திரி இல்லை, பலா இல்லை. வெட்டி எடுத்து, வேரைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கி, மேலே ஓட்டிச் சமன் செய்துவிட்டார்கள். எங்கு திரும்பினாலும் ஒரே செம்மண். எந்தப் பக்கம் முகத்தை வைத்து அழுவது என்றுகூடத் தெரியவில்லை. பூவரசு மேல் வெள்ளை பெயின்டில் நம்பர் போட்டிருந்ததைப் போன வருடமே பார்த்து அப்பாவிடம் கேட்டேன். ‘எல்லா மரத்துக்கும் நம்பர் போட்டுகினு போறாங்க, இத்த மட்டும் உட்டுடுவாங்க’ என்றார். நம்பினேன்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அவர் ஒரு இடத்தைக் காட்டினார், நான் இருபது அடி தள்ளி ஒரு இடத்தைக் காட்டினேன். இரண்டு பேருக்கும் நிச்சயம் இல்லை. அப்போதுதான் உன் படம் ஞாபகம் வந்தது. ஏழாம் வகுப்பில் பூகோள டீச்சர் தெரிந்த ஒரு இடத்தை அளந்து வரைபடம் போடச் சொன்னார் என்று நீ கொல்லை முழுக்கக் காலால் எட்டு வைத்து அளந்து போட்ட படம். டீச்சர் அதைச் சுவரில் ஒட்டினார். நீ லேமினேட் செய்து பைலில் வைத்து அங்கேயும் கொண்டுபோயிருக்கிறாய். அதைப் படம் பிடித்து அனுப்பு.

சுரங்கம் வந்தால் மேல்மண்ணை எல்லாம் ஓவர்பர்டன் என்று வாரி பெல்ட்டில் போட்டு மேட்டில் கொட்டுவார்கள். அப்பா முப்பது வருடமாக அந்த கன்வேயர் பெல்ட்டில்தான் வேலை பார்க்கிறார். அதே பெல்ட்டில் அவர் பிள்ளையும் போக வேண்டாம். பத்தாம் தேதிக்குள் அவனை எடுத்துவிட வேண்டும்.

கடல் தாண்டிப் போய் யார் பெற்ற பிள்ளையையோ பிரஷ்ஷால் துடைத்து எடுக்கிறாயே, உன் தம்பியை எப்படித் தேடுவது என்று எனக்குச் சொல்லிக்கொடு. இதைவிட வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

உன் அம்மா,
மலர்கொடி


வட்டம் 19, நெய்வேலி
23 ஜூன் 2025

மகள் சரிதாவுக்கு,

படம் மறுநாளே வந்தது. உன் குரலில் ஏழு வாய்ஸ் மெசேஜும் வந்தது. ஏழையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். முதலில் அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன், பின்னால் எழுதப்போவதில் அதற்கு இடம் இருக்காது.

நீ சொன்னது எனக்குப் புரிந்தது. ஒருமுறை வெட்டி மூடிய குழி பழையபடி ஆகவே ஆகாது, எத்தனை வருடம் ஆனாலும் அதன் மண்ணுக்கும் வெட்டாத மண்ணுக்கும் நிறம் மாறியிருக்கும். மேல்மண்ணை வழித்துவிட்டு, மட்டமாகச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, காயக் காயப் பார்க்க வேண்டும். கறுப்பாக ஒரு ஓரம் தெரிந்தால் அதுதான் குழி. நல்ல பாடம். அதோடு, செம்மண் எலும்பைத் தின்றுவிடும், ஒன்றும் கிடைக்காமல் போகலாம், மனதைத் தயார் செய்துகொள் என்றாய். அதுவும் சரி. கடைசி மெசேஜில், நீங்களாகத் தோண்டாதீர்கள், தெரியாதவர்கள் தோண்டினால் தடயம் கெட்டுவிடும், ஆகஸ்டில் நான் வருகிறவரை பொறுங்கள் என்றாய். ஜூலை பத்து உனக்காக ஆகஸ்டுக்குப் போகாது சரிதா. தடயம் என்ற சொல்லை நான் இரண்டு தடவை திரும்பக் கேட்டேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மோட்டார் கொட்டகையிலிருந்து நாற்பத்தாறு எட்டு, வடக்கு எல்லைக் கல்லிலிருந்து முப்பத்தொரு எட்டு. இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு சின்ன வட்டம். மற்ற மரங்களுக்கெல்லாம் முந்திரி, பலா, வேம்பு என்று பேர் எழுதியிருக்கிறாய். அந்த வட்டத்துக்கு மட்டும் பூவரசு என்று எழுதவில்லை, ‘தம்பி’ என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எழுத்து, த மட்டும் கொஞ்சம் பெரியது. அதைப் பார்த்து அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. வருத்தத்தில் இல்லை, ஏதோ நிறைந்துவிட்டதுபோல் இருந்தது.

ஒரு எட்டு என்பது இரண்டு அடி என்று வைத்துக்கொள் என்றாய். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நீ ஏழாம் வகுப்பு படித்த வருடம் துணி போதாமல் உன் பாவாடையை நான் குறுக்கித்தான் தைத்திருந்தேன். அதைக் கட்டிக்கொண்டு இரண்டு அடிக்கு எட்டு வைக்க உன்னால் முடியாது. சரியாகத் தெரிந்துகொள்ள, அந்த வருடத்து அளவு நோட்டைத் தேடி பீரோவின் அடித்தட்டை இறக்கினேன். தையல்காரி ஒரு நோட்டையும் தூக்கிப் போடமாட்டாள்.

நோட்டுக்கு அடியில் கொல்லைக் காகிதங்களின் ஜெராக்ஸ் இருந்தது. அதில் மரப்பட்டியல். நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துத்தான் மரம் எண்ண வந்தவர்கள் சரிபார்த்து நம்பர் போட்டார்களாம், எனக்கு இப்போதுதான் தெரியும். யாரோ எழுதிக்கொண்டு போனார்கள் என்றுதான் இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். பட்டியல் முழுக்க உன் கையெழுத்து.

வரிசை எண் அறுபத்து மூன்று: பூவரசு – 1 (பெரியது).

எழுதினாய், சரி. எதற்கு சரிதா அந்தப் ‘பெரியது’?

அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் காகிதத்தை முன்னால் வைத்தேன். சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். ‘ஒரு மரம் உட்டுப்போனாக்கூட லிஸ்ட்டு தப்புன்னு திருப்பி அனுப்புவாங்கன்னு சொன்னாங்க. பாப்பா கேட்டுச்சு, இத்தயும் எழுதட்டுமாப்பான்னு. எழுதும்மான்னு நான்தான் சொன்னேன்’ என்றார். என்னிடம் சொல்லக் கூடாது என்று அவரும் நீயும் பேசிக்கொண்டீர்களாம். ‘உன் மூஞ்சியப் பாக்க பயந்துகினுதான் சொல்லல’ என்றார். இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதருக்கு என் முகம் அவ்வளவு பயமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவரை நான் திட்டித் தீர்த்துவிட்டேன். அவர் எதிரில் இருக்கிறார், திட்டலாம். நீ இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் உமாராணி மகன் ஹரி நேற்று வந்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான் இல்லையா, உன் யுனிவர்சிட்டி வெப்சைட்டில் உன் போட்டோவோடு ஒரு கட்டுரை வந்திருக்கிறது என்று பெருமையாகக் காட்டினான். அந்தக் கள ஆய்வுப் பள்ளியில் சேர நீ எழுதி அனுப்பிய கட்டுரையாம், அதைப் படித்துத்தான் உன்னைத் தேர்ந்தெடுத்தார்களாம். வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். பாவம், பாதியில் அவனுக்கு வியர்த்துவிட்டது.

‘என் தம்பியின் மேல் வளர்ந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். அந்த வெற்று நிலத்தில் படிப்பறிவில்லாத என் தாய் இன்றும் தண்ணீர் ஊற்றுகிறாள். மண்ணுக்கடியில் இருப்பவர்களைத் தேடும் ஆசை எனக்கு அங்கிருந்துதான் வந்தது.’

இதுதானே நீ எழுதியது? ஹரி சரியாகத்தான் சொன்னானா?

என்றைக்கு எழுதினாள் என்று கேட்டேன். தேதி பார்த்து, போன வருடம் நவம்பர் என்றான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கச் சொன்னேன். நவம்பர்தான். மார்கழியில் நான் போனபோது மரம் நின்றது சரிதா. பூ உதிர்ந்து கிடந்தது என்று போன கடிதத்தில் எழுதினேனே. அவர்கள் மாசியில் வெட்டுவதற்கு மூன்று மாதம் முன்னாலேயே நீ வெட்டிவிட்டாய். கட்டுரைக்கு அது விழுந்து கிடந்தால்தான் நன்றாக இருந்தது போல. அப்போதே என்னிடம் ஒரு வார்த்தை, அம்மா, அந்த மரம் பட்டியலில் போய்விட்டது என்று சொல்லியிருந்தால், மரம் நிற்கும்போதே போய் அதன் அடியில் நானே கையால் தோண்டி எடுத்திருப்பேன். தேட வேண்டிய வேலையே இல்லை. உனக்குத் தெரிந்திருந்தது. உலகத்துக்கெல்லாம் இங்கிலீஷில் சொன்னாய், எனக்குத் தமிழில் சொல்லவில்லை.

அவன் பேர் எங்கே வருகிறது என்று ஹரியிடம் கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, ‘பேர் போடலைங்க ஆன்ட்டி’ என்றான்.

படிப்பறிவில்லாத தாய் என்பது என்னைப் பற்றி என்பதால் ஒரு தகவல் சொல்லிவைக்கிறேன். நான் சேத்தியாத்தோப்பு பள்ளியில் பிளஸ் டூ படித்தவள். வரலாற்றில் இருநூற்றுக்கு நூற்று அறுபத்தொன்று. மேலே படிக்க வைக்கவில்லை, கட்டிக்கொடுத்துவிட்டார்கள். உன் புரொபசரிடம் திருத்திச் சொல்.

அளவு நோட்டும் கிடைத்தது. உன் பாவாடை உயரம் முப்பத்திரண்டு, கீழ்ச்சுற்று நாற்பத்தெட்டுதான். அதற்குள் இருபது அங்குலத்துக்கு மேல் எட்டு வைக்க முடியாது. நீ சொன்ன இரண்டு அடி தப்பு.

இப்படிக்கு,
மலர்கொடி, பிளஸ் டூ


வட்டம் 19, நெய்வேலி
3 ஜூலை 2025

சரிதா,

நீ பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை. நீ அனுப்பியதைப் படித்தேன். அழுகிறேன் என்று எழுதியிருக்கிறாய், அதை நான் நம்புகிறேன். இப்போது நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை, முப்பதாம் தேதி, நானும் அப்பாவும் போனோம். ஆள் வைக்கலாமா என்று கேட்டேன். ‘அன்னிக்கி நான்தான் வெட்டனேன், இன்னிக்கும் நான்தான் வெட்டணும்’ என்றார். அவருக்கு வருகிற மார்ச்சில் ரிட்டயர்மென்ட், மூட்டு வலி, மாடிப்படி ஏற மாட்டார். வண்டியில் மண்வெட்டி, கயிறு, என் அளவு டேப், ஒரு பை கோலமாவு, ஆறு கேன் தண்ணீர். பொழுது கிளம்பும்போதே அங்கே இருந்தோம்.

மோட்டார் கொட்டகை இல்லை, அதன் சிமென்ட் தரை மட்டும் இருந்தது. எல்லைக் கல் சாய்ந்திருந்தாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பா முதலில் உன் கணக்குப்படிதான் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தார். ‘பாப்பா படிச்ச புள்ள, அதுக்குத் தெரியாததா’ என்றார். சரி என்று விட்டேன். தொண்ணூற்றிரண்டு அடி கயிறு, அறுபத்திரண்டு அடி கயிறு, இரண்டையும் வளைத்து இழுத்து மாவில் கோடு போட்டோம். இரண்டு கோடும் வெட்டிக்கொண்ட இடத்தில் மண்ணை வழித்துத் தண்ணீர் தெளித்தோம். ஒன்றும் இல்லை. வெயில் ஏறும்வரை பார்த்தோம், ஒரே நிறம்.

பிறகு என் கணக்கு. எழுபத்தாறு அடி எட்டு அங்குலம், ஐம்பத்தோரு அடி எட்டு அங்குலம். ரவிக்கைத் துணியில் கைக்குழி வெட்டுவதற்கு வளைவு போடுகிற மாதிரிதான் இருந்தது, எனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. அப்பா வழித்தார், நான் ஒரு தகரத் துண்டை வைத்து மட்டமாகச் சுரண்டினேன், தண்ணீர் தெளித்தேன். காயக் காய முதலில் ஒரு பெரிய வட்டம் தெரிந்தது, கலங்கிய மண், உள்ளே வேர்த்துண்டு. பூவரசைப் பிடுங்கிய குழி அது. அதன் ஓரத்திலிருந்து கிழக்கே ஒன்றரை முழத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை நீண்டு வந்தது. இரண்டு பக்கமும் நேர்க்கோடு. நீ சொன்னபடியே.

நீ சொல்லிக்கொடுத்தது பலித்தது என்பதை நான் மறைக்கவில்லை. எழுதிவிட்டேன்.

ஆனால் அது பாதிதான் சரிதா. கால்மாடு மட்டும் இருந்தது. தலைமாட்டுக் கழிதானே மரமானது, தலைமாடு முழுக்க வேரோடு போய்விட்டது. உன் எண் அறுபத்து மூன்று.

அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் அள்ளினார். இரண்டே முக்கால் அடி ஆழத்தில் நீலமாக ஏதோ தெரிந்தது. செருப்பு. நடந்தால் கீச் கீச்சென்று சத்தம் போடுமே, பஜாரில் வாங்கி இரண்டு நாள்தான் போட்டான், அந்தப் பிளாஸ்டிக் செருப்பு. சத்தம் தாங்கவில்லை என்று அதில் ஒன்றை நீ ஒளித்துவைத்துவிட்டாய். அவனைத் தூக்குகிற நேரத்தில் அழுதுகொண்டே எங்கிருந்தோ எடுத்துவந்து நீதான் அப்பாவிடம் கொடுத்தாய், அவர் ஜோடியாகச் சேர்த்து அவன் காலடியில் வைத்தார். ஒன்றுதான் கிடைத்தது. அது நீ ஒளித்துவைத்ததா, மற்றதா என்று தெரியவில்லை. வேறு எதுவும் இல்லை. எலும்பு இல்லை, பல் இல்லை, நீ சொன்னாய், செம்மண் தின்றுவிட்டது. அப்பா செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு அங்கேயே படுத்துவிட்டார். நான் அவர் முகத்தில் மீதித் தண்ணீரைத் தெளித்தேன்.

மறுநாள் வேர்க்கட்டைகளை ஏற்றிப் போனவரைத் தேடிப் பிடித்தோம். எல்லாவற்றையும் மேல்பட்டாம்பாக்கம் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு விற்றுவிட்டாராம். அங்கேயும் போனோம். சூளைக்காரர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். ‘அதெல்லாம் பங்குனியிலயே எரிச்சாச்சுங்க’ என்றார். வேரில் ஒட்டியிருந்த மண் என்ன ஆகும் என்று கேட்டேன். ‘அதுவும் கூடவே வெந்துடுங்க’ என்றார். எரிக்கக் கூடாது என்று புதைத்த பிள்ளை. அப்பா டீயைக் குடிக்கவில்லை.

கால்மாட்டு மண்ணை எல்லாம் வாரி ஒரு புதுப் பையில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறோம். செருப்பும் அதில்தான் இருக்கிறது. எதை எடுத்தாலும் சீட்டு எழுத வேண்டும், சீட்டு இல்லாத பொருளுக்குச் சரித்திரம் இல்லை என்று மெசேஜில் சொன்னாயே, எழுதிக் கட்டியிருக்கிறேன். இடம், நம் முந்திரிக் கொல்லை. நாள், 30.6.2025. ஆழம், இரண்டே முக்கால் அடி. பேர், அறிவழகன், வயது நாலு. எடுத்தவர், கலியமூர்த்தி, மலர்கொடி. வரைபடம், சரிதா, ஏழாம் வகுப்பு. அவள் இல்லாவிட்டால் இதுகூடக் கிடைத்திருக்காது. பட்டியல் எழுதிய சரிதாவை அதில் சேர்க்க எனக்குக் கை வரவில்லை.

இனி இதை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை. நம் பேரில் இப்போது ஒரு சாண் மண் கிடையாது. இந்த குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் வைக்கலாம் என்றால் மார்ச்சில் காலி செய்ய வேண்டும், அடுத்து வருகிறவர்கள் அங்கே கத்தரிச் செடி போடுவார்கள். சேத்தியாத்தோப்பில் என் தம்பி வேலுமணியிடம் கேட்டேன். வரப்பு ஓரத்தில் ஒரு குழி போதும் என்றேன். ‘வாழுற வூட்டு நெலத்துல இத்த எப்படிக்கா வைக்கிறது’ என்றான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. வெள்ளாற்றில் கரைத்துவிடு என்றான். பதினைந்து வருடம் ஒரு இடத்தில் இருந்தவனை ஆற்றில் விட எனக்கு மனம் இல்லை. இப்போதைக்கு என் தையல் மிஷினுக்குக் கீழே இருக்கிறது. மிதிக்கும்போது கால் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

உமாராணி இந்தப் பக்கங்களைப் படம் பிடிக்க வந்து நிற்கிறாள். முதல் தடவையாக நாலு வரி படித்துவிட்டாள் போல, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘புள்ளைய மன்னிச்சுருங்கக்கா, அதும் கொழந்ததானுங்க’ என்றாள். நான் அடுத்த தாளை எடுத்தேன்.

உன் படிப்பை விட்டுவிட்டு வா என்று சொல்லமாட்டேன். முடித்துவிட்டே வா. பெரிய ஆளாக வா. வெயிலில் நிற்காதே, நிறையத் தண்ணீர் குடி. மார்ச்சுக்குள் வந்தால் இந்த வட்டத்துக்கு வா, அதற்குப் பிறகு எங்கே இருப்போம் என்று எனக்குத் தெரியாது, எங்கே இருந்தாலும் பையும் எங்களோடு இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் இந்தச் செருப்பைப் பற்றி எங்கேயும் எழுதாதே. எவ்வளவு நல்ல கட்டுரையாக வரும் என்றாலும் எழுதாதே. இது ஒன்றையாவது எங்களுக்கு விட்டுவை.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கை லேசாகவே இருக்கட்டும். அங்கே தோண்டுகிற குழியில் இன்னொரு பிள்ளை கிடைத்தால், எடுத்து வெளியே வைக்கும்போது யாரும் கை தட்ட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்.

அம்மா